சேலத்தில் இருந்துகொண்டு ஒயின் பற்றி எழுதிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: கோரிமேட்டுப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 25 வயது. சேலத்தில் ஒரு நாளிதழில் மூன்று வருடமாக உதவி ஆசிரியர் வேலை. மாவட்டச் செய்திகளைத் திருத்துவது, பக்கம் கட்டுவது, ஞாயிறு இணைப்புக்கு எப்போதாவது சாப்பாட்டைப் பற்றி எழுதுவது. தட்டுவடை செட் பற்றி எழுதியபோது நிறையப் பேர் கூப்பிட்டுப் பேசினார்கள்.

போன பிப்ரவரியில் தோழியின் கல்யாணத்துக்கு நாசிக் போனேன். மறுநாள் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். அறுவடை நேரம். உள்ளே பெரிய ஸ்டீல் தொட்டிகள். அங்கே வேலை பார்க்கிற ஒருவர் மேல் மூடியைத் திறந்து, "குனிந்து கேளுங்கள், மூக்கை மட்டும் உள்ளே விடாதீர்கள்" என்றார். இட்லி மாவு பொங்கும்போது பானைக்குள் கேட்குமே, அந்தச் சத்தம் ஆயிரம் மடங்கில் கேட்டது. அன்றிலிருந்து வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. நாலு மாதமாகக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன்.

இதை எழுதுவதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? என்ன படிக்க வேண்டும்? தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா? எங்கள் வீட்டில் யாரும் மதுவைத் தொட்டதில்லை, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அம்மா வழியில் ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபி இருக்கிறது, அதைத் தவிர இந்த மாதிரி விஷயத்தோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: அம்மாப்பேட்டை டு துபாய்

வணக்கம் சகோதரி. நான் சேலம்தான், துபாயில் ஒரு ஹோட்டலில் ஒயின் பரிமாறும் பிரிவில் இருக்கிறேன். படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லண்டனில் 1969இல் ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.இ.டி. (ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்) என்ற அமைப்பின் படிப்புதான் உலகம் முழுக்கச் செல்லும். பெங்களூரிலும் மும்பையிலும் வகுப்பு நடத்துகிறார்கள். முதல் நிலை ஒரே நாள், அதை எழுதாமலே நேராக இரண்டாம் நிலைக்குப் போகலாம். அதில் ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாம் நிலையில் எழுத்துத் தேர்வோடு, பெயர் சொல்லாமல் இரண்டு ஒயின் ஊற்றிக் கொடுத்துக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். நான்காவது டிப்ளமோ, அதில் ஆறு பாடம். அதையும் தாண்டியது மாஸ்டர் ஆஃப் ஒயின் என்ற பட்டம். அதற்கு மூன்று காலை, காலைக்கு 12 வீதம் 36 ஒயின்களைப் பெயர் தெரியாமல் ருசித்து, எந்த ஊர், எந்தத் திராட்சை, எந்த வருடம் என்று காரணத்தோடு எழுத வேண்டும். இந்தியாவில் முதலில் அதை முடித்தவர் சோனல் ஹாலண்ட், 2016இல்.

ஆனால் ஒன்று. இந்தத் தேர்வு எதுவும் எழுதச் சொல்லித் தராது. அதற்கு இங்கே ஒரு அம்மா இருக்கிறார், அவர் வந்து சொல்லட்டும்.

பதில் 2: ரைட்டர் மகள், ஏற்காடு

கண்ணு, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். நாலு வரியில் முடிகிற பதில் இல்லை. நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

என் அப்பா நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். கீழே சேலத்தில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைப்பார்கள். எங்கள் மலையில் ஆள் கணக்கும் பழக் கணக்கும் எழுதுகிறவர்தான் ரைட்டர். நவம்பரிலிருந்து பழம் எடுப்பு. சாயங்காலம் பழம் வந்து இறங்கியதும் பல்பரில் தோலை உரித்து, கொட்டையைத் தொட்டியில் புளிக்கப் போடுவார்கள். மறுநாள் அப்பா என்னையும் கூட்டிப் போய்க் கையை உள்ளே விடச் சொல்வார். கொழகொழவென்று வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. ஆற்று மணலைத் தேய்த்த மாதிரி கரகரவென்று இருந்தால் உடனே கழுவ வேண்டும். விட்டால் ஊறிப்போகும். அந்த நாற்றம் கொஞ்சம் ஏறிவிட்டாலும் மொத்தச் சரக்குக்கும் விலை போய்விடும். எட்டு வயதில் எனக்கு மணம் என்றால் சம்பளம். அப்பாவின் முகம் தொட்டிக்கு மேலே குனிந்து நிமிரும்போதே அந்த வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "எந்தத் தொடர்பும் இல்லை" என்று நீ எழுதியிருக்கிறாய். மூன்று ஏக்கர் காபி இருக்கிற வீட்டுப் பெண் அப்படிச் சொல்லக் கூடாது. திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குவதும், காபிக் கொட்டையின் மேல் இருக்கிற வழவழப்பை நுண்ணுயிர் தின்பதும் பக்கத்து வீட்டு விஷயங்கள். நீ நாசிக்கில் கேட்ட சத்தத்தை உன் அம்மாச்சி வீட்டிலேயே கேட்டிருக்கலாம்.

1989இல் பம்பாய் போனேன். ஹோட்டல் தொழிலுக்கான ஒரு மாதப் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை. மெத்தை விரிப்பு, சலவை இயந்திரம், சமையலறைப் புகைபோக்கி இதைப் பற்றியெல்லாம் பன்னிரண்டு வருடம் எழுதினேன். 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயின் தயாரிப்புக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதைப் பற்றி எழுத யாராவது நாசிக் போக வேண்டும் என்றார் ஆசிரியர். கோடை, ஐந்து மணி நேரப் பயணம், யாரும் கை தூக்கவில்லை. நான் போனேன். அந்தக் கட்டுரைக்காக நான் ருசித்தது மூன்று வாய். மீதி நேரம் விவசாயிகளிடம் பேசினேன். சாப்பாட்டுத் திராட்சையை விட்டு ஒயின் திராட்சைக்கு மாறினால் ஏக்கருக்கு என்ன கிடைக்கும், யார் ஒப்பந்தம் போடுகிறார்கள், விலை விழுந்தால் யார் தாங்குவது என்று கேட்டேன். வருடத்துக்கு இரண்டு கவாத்து, ஏப்ரலில் ஒன்று, செப்டம்பர் அக்டோபரில் ஒன்று, ஏனென்றால் நம் நாட்டில் கொடி குளிரில் தூங்குவதில்லை, நாம்தான் வெட்டித் தூங்கவைத்து எழுப்ப வேண்டும். இதை ஒரு கிழவர் வெட்டுக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டினார். அவர் சொன்னதுதான் கட்டுரையின் முதல் பத்தி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒயின் எழுத்தாளர் முதலில் செய்தியாளர். நாக்கு அதற்கப்புறம்தான். 1976 மே 24ஆம் தேதி பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒரு ருசிப் போட்டி வைத்தார். பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் பெயரை மறைத்து பிரெஞ்சு நடுவர்களுக்கே கொடுத்தார். கலிபோர்னியா எப்படியும் தோற்கும் என்று பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லை. டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர் ஒருவர்தான் போனார். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியா ஜெயித்தது. டேபர் எழுதியது சின்னச் செய்திதான், உலக ஒயின் வியாபாரம் அதற்கப்புறம் பழைய மாதிரி இல்லை. அவர் பெரிய ருசியாளர் என்பதால் அல்ல, அந்த அறையில் இருந்தார் என்பதால். மாவட்டச் செய்தி திருத்துகிற உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலேய ஒயின் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சனை நீ படித்திருப்பாய். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் தத்துவமும் படித்தவர். 1975 டிசம்பரில் ஒரு மது வணிகப் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். உன் பதவிதான். 1984இல் மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வில் ஜெயித்தார், மது வியாபாரத்துக்கு வெளியே இருந்து அதை முடித்த முதல் ஆள். அவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது, ஒரு திராட்சையைப் பற்றிச் சொன்னால் அதை நட்டவன், விற்றவன், அதற்குச் சட்டம் போட்டவன் எல்லோரும் உள்ளே வருவார்கள்.

சரி, நாக்கு. இங்கேதான் நான் பல வருடம் திண்டாடினேன். மும்பையில் முதல் பெரிய ருசிக் கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பிளாக்கரண்ட், பிளாக்கரண்ட் என்று எழுதினார்கள். நான் அந்தப் பழத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை. நானும் அதையே எழுதினேன். பொய். கிளாஸை மறுபடி மூக்கருகே கொண்டுபோனபோது எனக்கு வந்தது நாவல் பழம். தின்ற பிறகு நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதுவும் சேர்ந்து வந்தது. நோட்டு ஓரத்தில் தமிழில் "நாவல், கொட்டையோடு" என்று சின்னதாக எழுதினேன். ஓரத்தில் எழுதியவைதான் பிறகு என் சொத்து. ஏழெட்டு நோட்டு இன்னும் வைத்திருக்கிறேன். ஆங்கிலக் குறிப்பைப் படித்தால் எந்த ஒயின் என்று எனக்கே நினைவு வராது. ஓரத்துத் தமிழைப் படித்தால் அந்த அறை, அந்த மேசை எல்லாம் வந்துவிடும்.

கூஸ்பெரி என்று ஒன்று வரும், அதை நெல்லிக்காய் என்று எழுதிவிடாதே. வேறு காய் அது. நம் நெல்லியின் துவர்ப்பும் பின்னால் வரும் இனிப்பும் அதில் இல்லை. அகராதி பார்த்து ருசி எழுதக் கூடாது.

துவர்ப்பு என்றேன். ஒயின் வகுப்பில் ஆசிரியர், அந்தத் துவர்ப்பைத் தருகிற டானின் என்றால் என்ன என்று வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு விளக்க அரை மணி எடுத்துக்கொண்டார். ஈறு காய்கிறதா, கன்னம் உள்ளே இழுக்கிறதா, கசப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நமக்கு அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடம் இருக்கிறது. வாழைப்பூ ஆய்ந்த கைக்கும் கடுக்காய் கடித்த பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும். அன்றைக்கு அந்த வகுப்பில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது? முதல் தடவையாக நான் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை.

அப்புறம் மிளகு. ஷிராஸ் திராட்சையில் செய்த சில சிவப்பு ஒயின்களில் மிளகு வாசம் வரும். யாரோ கற்பனையாகச் சொல்வது என்று நினைத்திருந்தேன். 2008இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள், பெயர் ரோட்டன்டோன். நம் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிற மிளகுக் கொடியில் இருப்பதும் அதே பொருள்தான். இன்னொன்றும் சொன்னார்கள், ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசமே தெரியாது. எவ்வளவு முகர்ந்தாலும் தெரியாது. அதனால் உனக்கு வராத வாசத்தை எழுதாதே, பக்கத்தில் இருப்பவருக்கு வந்தது என்று அவரைச் சந்தேகப்படவும் செய்யாதே.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2007 என்று நினைவு. ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பாளர் வந்திருந்தார். எட்டுப் பேர் மேசை. விலை உயர்ந்த பாட்டில், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், மண் வாசம், பழைய மரம் என்கிறார்கள். எனக்கு வந்தது ஜூலை மழையில் குடோன் மூலையில் கிடந்த கோணிச் சாக்கு. சின்ன வயதில் அந்தச் சாக்கைத் தனியே இழுத்துப் போடச் சொல்வார் அப்பா, நல்ல காபியில் வாசம் ஏறிவிடும் என்று. நெஞ்சு அடித்துக்கொண்டது. "இந்தப் பாட்டில் கெட்டிருக்கிறது" என்றேன். யாரும் பேசவில்லை. தயாரிப்பாளர் தன் கிளாஸை எடுத்து முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், அப்படியே துப்பும் வாளியில் ஊற்றினார். தக்கையில் உண்டாகிற டி.சி.ஏ. என்ற ரசாயனம், துளியிலும் துளி இருந்தால் போதும், பழ வாசத்தையெல்லாம் அழுத்திவிடும். இன்னொரு பாட்டில் திறந்தார்கள். அது வேறு ஒயின் மாதிரி இருந்தது. அன்று என்னைக் காப்பாற்றியது எந்தச் சான்றிதழும் இல்லை, நாகலூர் குடோன்.

இனி பணம். நேராகச் சொல்கிறேன். என் முதல் ஒயின் கட்டுரைக்கு 800 ரூபாய். பிறகு ஒரு பத்திரிகையில் என் தொடர் பத்தி பதினோரு வருடம் வந்தது. நன்றாக ஓடிய வருடத்திலும் ஒயின் எழுத்து என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. மீதி, ஹோட்டல் பணியாளர்களுக்கு வகுப்பு, உணவகங்களுக்கு ஒயின் பட்டியல் எழுதுவது, மற்றவர் புத்தகத்துக்குப் பிழை திருத்துவது. இதை மட்டுமே நம்பி வேலையை விடாதே.

பணம் குறைவு என்பதால்தான் அடுத்த ஆபத்து. ஒயின் தயாரிப்பாளர்கள் ஊருக்கு அழைத்துப் போவார்கள், அறை போடுவார்கள், பெட்டி பெட்டியாகப் பாட்டில் அனுப்புவார்கள். ராபர்ட் பார்க்கர் என்று அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் ஒரு வக்கீல், 1978இல் விளம்பரமே வாங்காமல் ஒயினுக்கென்று ஒரு செய்தி மடல் ஆரம்பித்தார், நூறுக்கு மார்க் போட்டார். அந்த மார்க் முறையில் எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் ஆரம்பத்தில் தன் கைக்காசில் வாங்கி ருசித்தார் என்பதால்தான் ஜனங்கள் நம்பினார்கள். நான் அப்படி இருக்கவில்லை, ஒரு தடவை. ஒரு தோட்டத்தின் விருந்தாளியாக மூன்று நாள் தங்கினேன். ஒயின் சுமார்தான், காற்றுப் பட்டு வாடிய ஆப்பிள் வாசம் தொடங்கியிருந்தது. அவர்கள் அன்பாக இருந்தார்கள். "முதிர்ந்த பழத்தின் மென்மை" என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து வாசகர் ஒருவர் கடிதம் போட்டார். மகள் கல்யாண வரவேற்புக்கு என் கட்டுரையை நம்பி ஆறு பாட்டில் வாங்கியிருக்கிறார், விருந்தினர் முன்னால் திறந்தால் காடி மாதிரி இருந்ததாம். திட்டவில்லை. "நீங்கள் ருசித்தது வேறு பாட்டிலா அம்மா?" என்று மட்டும் கேட்டிருந்தார். இல்லை, அதேதான். அவருக்குப் பதில் எழுதினேன், அடுத்த பத்தியில் திருத்தமும் எழுதினேன். அதிலிருந்து யார் செலவில் போனேன் என்பதைக் கட்டுரையின் அடியில் போடாமல் எதையும் கொடுத்ததில்லை. அதனால் இரண்டு பத்திரிகை போனது.

தினமும் குடிக்க வேண்டுமோ என்று பயப்படாதே. குடிப்பதே இல்லை, துப்புவதுதான் வேலை. ஒரு காலையில் நாற்பது என்றால் நாற்பதையும் வாளியில் துப்ப வேண்டும். துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் சேரும், அதனால் வண்டி ஓட்டாதே. அமிலம் பல்லை அரிக்கும், ருசித்து முடித்த உடனே பல் துலக்காதே, எனாமல் போய்விடும்.

2020 செப்டம்பரில் எனக்கு கோவிட் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. வாசம் போய் வரவில்லை. காபி வெந்நீராக இருந்தது. சாம்பிராணிப் புகை கண்ணை எரித்தது, மூக்குக்கு ஒன்றும் இல்லை. அந்த வருடம் எழுதுவதை நிறுத்தினேன், 2021இல் மலைக்குத் திரும்பினேன். டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நாலையும் காலையும் மாலையும் இருபது விநாடி முகர வேண்டும், என்ன வாசம் என்று மனதில் நினைத்துக்கொண்டே. ஏழு மாதம் செய்தேன். அடுத்த ஏப்ரலில் கோடை மழை பெய்து எட்டாம் நாள் காபி பூத்தது. வாசலில் நின்றிருந்தேன். மல்லிகை மாதிரி, ஆனால் அவ்வளவு கனமில்லாமல், ஏதோ ஒரு நூல் மாதிரி வந்தது. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். முழுதாக இன்னும் திரும்பவில்லை. அதனால் ஒயினுக்கு மார்க் போடும் இடத்தில் நான் இனி உட்கார மாட்டேன். இப்போது காபியைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் விவசாயிகளின் பக்கத்திலிருந்து.

உனக்கு நான் சொல்வது: அடுத்த எடுப்புக் காலத்தில் அம்மாச்சி வீட்டில் ஒரு மாதம் இரு. காபி ருசிக்கிற முறையைக் கற்றுக்கொள். ஒரே கொட்டையில் ஐந்து கப், கப்புக்கு 150 மில்லி தண்ணீர், எட்டேகால் கிராம் தூள், நாலு நிமிடம் கழித்து மேலே படிந்த ஆடையைக் கரண்டியால் உடைத்து முகர்வது, பிறகு சத்தமாக உறிஞ்சுவது. செலவே இல்லாத பயிற்சி. ஒயினுக்கு அங்கேயே ஒழுங்கு வந்துவிடும். பெங்களூரு நாலு மணி நேரம்தான், வகுப்புக்கு அங்கே போ, நந்தி மலைப் பக்கம் தோட்டங்களையும் பார். கம்பம் பள்ளத்தாக்குக்கும் போ. நாம் பன்னீர் திராட்சை என்று கிலோ கணக்கில் வாங்குவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ரோஜா வாசத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான ஜெரானியால் பன்னீர் ரோஜாவிலும் இருக்கிறது. பெயர் வைத்த நம் ஆட்களுக்கு வேதியியல் தெரியாது, மூக்கு தெரிந்திருக்கிறது. அதை எழுது. தமிழில் யார் படிப்பார்கள் என்று கேட்டாயே, கம்பத்துக்காரர்கள் படிப்பார்கள்.

பதில் 3: ஆத்தூர்க்காரி

நான் ஒயினும் குடித்ததில்லை, இந்தத் தொழிலும் தெரியாது. படித்துக்கொண்டே வந்தேன், மனது கேட்காமல் எழுதுகிறேன். என் அப்பா டாஸ்மாக்கில் குடித்தே 47 வயதில் போய்ச் சேர்ந்தார். அம்மா ஜவ்வரிசி ஆலைக்குப் போய் எங்களைப் படிக்கவைத்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேல் செத்தார்கள், சேலம் ஆஸ்பத்திரிக்கும் நிறையப் பேரைக் கொண்டுவந்தார்கள், எங்கள் தெரு வழியாகத்தான் ஆம்புலன்ஸ் போனது. 1937இல் ராஜாஜி நாட்டுக்கு வழிகாட்டியாக மதுவிலக்கை ஆரம்பித்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு மதுவின் வாசத்தை அழகு அழகாக எழுத வேண்டுமா? உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

பதில் 4: ரைட்டர் மகள், ஏற்காடு

புண்படவில்லை அம்மா. உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளிலும் சம்பள நாள் ராத்திரி எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். என் அண்ணன் ஒருவன் அப்படித்தான் போனான்.

குடியுங்கள் என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. ஒரு பத்திரிகை, தினம் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று ஒரு பக்கம் கேட்டது. மறுத்தேன். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்று அறிவித்தது. அதைச் சொல்லாமல் இதை எழுதுகிறவரை நான் செய்தியாளர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் கள்ளக்குறிச்சியைச் சொன்னீர்கள். அங்கே கொன்றது மெத்தனால். 1986இல் இத்தாலியிலும் அதேதான் நடந்தது. மட்டமான ஒயினில் வீரியம் கூட்ட மெத்தனால் கலந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. அதற்கு முந்தைய வருடம் ஆஸ்திரியாவில், இனிப்பும் கனமும் கூட்ட டைஎத்திலீன் கிளைகால் என்ற ரசாயனத்தை ஒயினில் சேர்த்தது பிடிபட்டது. மதுவைப் பற்றித் தெரிந்த, விலைக்கு வாங்க முடியாத ஆட்கள் இதையெல்லாம் தொடர்ந்து எழுத வேண்டும். எப்படிச் செய்கிறார்கள், எதைக் கலக்கிறார்கள், வரி யாருக்குப் போகிறது, எந்த விவசாயிக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். வாசத்தை எழுதுவது அந்த வேலையில் ஒரு பகுதி. அழகுக்காக மட்டும் எழுதினால் நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை.

கோரிமேட்டுப் பெண்ணுக்கு: அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாய். இந்த அம்மா எழுதியதை அவருக்கு முதலில் படித்துக் காட்டு. அப்புறம் நீ என்ன எழுதப் போகிறாய் என்று சொல்.

பதில் 5: கோரிமேட்டுப் பெண்

அம்மா, மூன்று தடவை படித்துவிட்டேன். ஆத்தூர் அக்காவுக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த அம்மா திருத்தம் போட்டார் பார், அது" என்றார். அவ்வளவுதான். சம்மதமா என்று தெரியவில்லை, ஆனால் திட்டவில்லை. நவம்பரில் ஒரு மாதம் லீவு கேட்டிருக்கிறேன்.

இன்று கடைவீதியில் அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்து நோட்டில் எழுதினேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்:

"கருநீலம், மேலே சாம்பல் பூத்திருக்கிறது. முகர்ந்தால் மலர் மணம். கடித்ததும் நல்ல இனிப்பு, பிறகு லேசான புளிப்பு. தோலை மென்றால் துவர்ப்பு, மேல் ஈறில் பிடிக்கிறது. விதையைக் கடித்தால் கசப்பு, பச்சைக் கொத்தமல்லிக் காம்பு மாதிரி. விழுங்கிய பிறகு மூக்கின் பின்பக்கம் மறுபடியும் அந்தப் பூ."

பதில் 6: ரைட்டர் மகள், ஏற்காடு

கொத்தமல்லிக் காம்பு நன்றாக இருக்கிறது, அதை யாரிடமும் கடன் வாங்கவில்லை நீ. மேல் ஈறு என்று இடம் சொன்னதும் சரி. "நல்ல இனிப்பு" வேண்டாம். எவ்வளவு இனிப்பு? கரும்பா, பதநீரா, பழுத்த கொய்யாவா? "மலர் மணம்" என்பதை அடித்துவிடு. எந்தப் பூ, பறித்ததா வாடியதா, எழுது. பன்னீர் என்ற பெயரை மனதில் வைத்துக்கொண்டு ரோஜா என்று போட்டுவிடாதே, உன் மூக்குக்கு என்ன வந்ததோ அது.

எந்தக் கடை, கிலோ என்ன விலை, எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரரிடம் கேட்டாயா? நோட்டில் அது இல்லையே. நாளைக்குப் போய்க் கேட்டு வந்து முதல் வரியில் சேர். நவம்பர் இரண்டாம் வாரம் மேலே வா, குப்பனூர் வழி பஸ்ஸில் ஏறினால் எங்கள் பக்கம் இறங்க வசதி. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், வாசனைத் தைலம், சென்ட் எதுவும் போட்டுக்கொண்டு வராதே.